மாப்பிள்ளையின் வலது கை

தென்காசியில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற எங்கள் மலையடித் தெருவில், பாத்திரக்கடைக் குற்றாலிங்கம் வீட்டு வைஃபை பெட்டியில் ஒரு சனிக்கிழமை காலை சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்த கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கவலை பரவிவிட்டது, ஏனென்றால் அந்தப் பெட்டியில் பச்சை எரிந்தால்தான் பின்லாந்தில் இருக்கும் பேத்தி உலகம்மை படத்தில் வருவாள், பேத்தி வந்து சிரித்தால்தான் குற்றாலிங்கம் காப்பி குடிப்பார், காப்பி குடித்தால்தான் கடை திறப்பார், கடை திறந்தால்தான் அவர் வீட்டில் சத்தம் குறையும், அவர் வீட்டில் சத்தம் குறைந்தால்தான் எங்களுக்கெல்லாம் பொழுது விடியும். செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தெருவில் செல்போனில் குரல் மட்டும்தான் வரும். படத்தை மலை மறைத்துக்கொள்ளும்.

பேத்தியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அதற்குக் காரணம் ஒரு வார்த்தை.

மகள் வடிவுக்கும் தளவாய் என்கிற இன்ஜினீயர் பையனுக்கும் கல்யாணமாகி, தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை தன் சனத்தோடு காரில் வந்து இறங்கியபோது, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள், குற்றாலிங்கம் அப்போதுதான் வெற்றிலையையும் புகையிலையையும் வாய் நிறைய அதக்கியிருந்தார். துப்பினால் மாப்பிள்ளைக்கு அவமரியாதை, விழுங்கினால் தலை சுற்றும், வாயைத் திறந்தால் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்கு ஆபத்து. ஆகவே அவர் இரண்டு கையையும் கூப்பி, உதட்டை இறுக்கி மூடியபடி தலையை மட்டும் ஆட்டினார். மாப்பிள்ளை வீட்டார் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்கள். "வாங்க" என்ற வார்த்தை வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றார்கள். அப்போதும் வரவில்லை. வைத்த காலை எடுத்து, வந்த காரிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

வாயில் வெற்றிலை இருந்தது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் சிரித்து முடிந்திருக்கும். ஆனால் வெற்றிலைக்காக மாப்பிள்ளையை விட்டவன் என்று பேர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவது மேல் என்று குற்றாலிங்கம் நினைத்துவிட்டார், ஆண்பிள்ளைகள் இப்படித்தான் நினைப்பார்கள். தாய்வீட்டில் நடக்க வேண்டிய தலைப்பிரசவம் பனியில் நடந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. எது பேசுவதானாலும் நடுவில் வடிவுதான்.

அன்று காலையும் வடிவுதான் போனில் வந்தாள்.

"யப்பா, பெட்டியில என்ன லைட்டு எரியுதுன்னு அவிய கேக்காவ."

"சிவப்புன்னு சொல்லு."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் மாப்பிள்ளைக்கு மாமனார் குரல் நன்றாகக் கேட்கும், மாமனாருக்கு மாப்பிள்ளை குரலும் கேட்கும், இருந்தாலும் வடிவு ஒவ்வொன்றையும் எடுத்துத் திரும்பச் சொல்ல வேண்டும். பேசாமல் இருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுதாவ."

"பண்ணியாச்சுன்னு சொல்லு."

"நெசமாவே பண்ணினாரான்னு கேளு" என்று பின்னால் குரல் கேட்டது.

"யப்பா, நெசமாவே பண்ணுனியளா?"

"பண்ணப்போறேன்னு சொல்லு."

பண்ணினார். சிவப்புதான் எரிந்தது. குற்றாலிங்கம் தன் தொழில் புத்தியில் பெட்டியை எடுத்துக் காதோரம் வைத்து, குடத்தைச் சுண்டுவது மாதிரி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. கீறல் கிடையாது. சாமான் மேல குத்தமில்லன்னு சொல்லு" என்றார்.

பின்லாந்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"யப்பா, பெட்டிக்குப் பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருக்காம். ஊக்க விட்டு அமுக்கிப் பிடிக்கணுமாம்."

குற்றாலிங்கம் மனைவி ஆவுடையம்மாளின் தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் திருகாணி ஓட்டையில் குத்தினார். பிறகு பெட்டியின் மூச்சுவிடும் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் குத்தினார். பிறகு சுவரில் காலண்டர் ஆணி இருந்த ஓட்டையில் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் "இதுவான்னு கேளு" என்றார், "எதுன்னு கேளு" என்று அந்தப் பக்கமிருந்து வந்தது, நடுவில் வடிவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தளவாய்க்கு அங்கே உட்கார்ந்துகொண்டே ஊர் ஊராகக் கம்பெனிகளின் பெட்டிகளைச் சரி பண்ணுவதுதான் உத்தியோகம். பொறுமையும் ஒரு அளவுக்குத்தான். "தள்ளிக்கிடச் சொல்லு, நானே அமுக்கிக்கிடுதேன்" என்று சொல்லி, முன்னாலிருந்த லேப்டாப்பை நோக்கி வலது கையை நீட்டினார்.

கை, பெட்டிக்குப் பின்னால் சுவரில் வயர் வருகிற ஓட்டை வழியாக, விரல், மணிக்கட்டு, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் பாதி என்று வரிசையாக வெளியே வந்தது. குற்றாலிங்கத்தின் விரலிலிருந்து ஊக்கை வாங்கிக்கொண்டது. சரியான ஓட்டையில் குத்தி அமுக்கிப் பிடித்தது.

சட்னிக் கரண்டியோடு எட்டிப் பார்த்த ஆவுடையம்மாள், "இதென்ன கூத்து! மாப்பிள்ளை வந்திருக்காவ, நீங்க பாத்துக்கிட்டே நிக்கிய!" என்று புருஷனைக் கடிந்துவிட்டு, ஆரத்தித் தட்டு எடுக்க உள்ளே ஓடினாள்.

ஆரத்தி எடுத்து, கைக்குச் சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து முடிந்ததும், தளவாய் கையைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. குற்றாலிங்கம் வீட்டுப் பெட்டியில் சிவப்பும் அணைந்து போயிற்று, கூடவே தெருவில் இருந்த எல்லாப் பெட்டியிலும் சிவப்பு எரிய ஆரம்பித்தது. கேபிள் இசக்கிமுத்து ஏணியோடு வந்து, சுவரைத் தடவி, கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வரும்போது டவுன்லோடு வேகத்துல வந்துட்டாவ அண்ணாச்சி. திரும்பப் போகணும்னா அப்லோடு வேணும். நம்ம தெரு பிளான்ல அப்லோடு ரொம்பக் கம்மி. லைனு முழுக்க மாப்பிள்ளதான் இருக்காவ."

"வயர வெட்டிப் புதுசு போட முடியாதா?"

"மாப்பிள்ள இருக்க லைன நான் எப்படி வெட்ட? நாளைக்கு எனக்கும் பொட்டப்பிள்ள இருக்கு."

கம்பெனிக்குப் போன் பண்ணியபோது ஒரு பெண்பிள்ளை மரியாதையாகப் பேசினாள். லைனில் இருப்பது என்ன சார் என்று கேட்டாள். கை என்றதும், வலதா இடதா என்று கேட்டாள். வலது என்றதும், புகாரைப் பதிந்துகொண்டோம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

வலது கை வந்ததில் எங்கள் தெருவுக்குப் பெரிய நிம்மதி. மாமனார் வீட்டுக்கு முதல்முதலாக வருகிற மாப்பிள்ளை இடது கையாக வந்திருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனாலும் முறை தெரிந்தவளான குற்றாலிங்கத்தின் அக்கா பிச்சம்மாள், வந்ததும் வராததுமாக ஒரு கேள்வியைப் போட்டாள்: வாங்க என்று யாரும் கூப்பிடாமல் வந்த கையை விருந்தாளி என்று சொல்லலாமா, வேலைக்கு வந்த கை என்று சொல்லலாமா? விருந்தாளி என்றால் வேலை சொல்லக் கூடாது. வேலைக்கு வந்தது என்றால் விருந்து வைக்கக் கூடாது. தெரு இரண்டாகப் பிரிந்து ஒரு பொழுது முழுக்க வாதாடியது. கடைசியில், இலை போடலாம், பாயசமும் வைக்கலாம், ஆனால் "சாப்பிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பிச்சம்மாள் தீர்ப்புச் சொன்னாள். இலை போட்டார்கள். கை சோற்றைப் பிசைந்தது, பருப்பில் விரல் வைத்துச் சுட்டுக்கொண்டு உதறியது, அப்பளத்தை நொறுக்கியது, இலையை முறைப்படித் தன் பக்கமாக மடித்தது. வயிறு மட்டும் பின்லாந்தில் பசியோடு இருந்தது.

அங்கே தளவாய் லேப்டாப்பைக் கையில் மாட்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனார், டிராமில் ஏறினார், கடைக்குப் போய்ப் பால் வாங்கினார். முழங்கை வரைக்கும் லேப்டாப்புக்குள் போய்விட்ட ஆளை அந்த ஊர்க்காரர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதவர்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் கதவைப் பிடித்து வழிவிட்டாராம். எங்கள் தெருவாக இருந்தால் டிராம் புறப்பட்டிருக்காது என்று வடிவு சொன்னாள்.

எங்கள் தெருவில் கைக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. வேலை சொல்லக் கூடாதுதான், ஆனால் கைக்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டுச் சும்மா நின்றால், அது தானாக மூடியைத் திருகிக் கொடுக்கும், அதில் முறை மீறல் ஒன்றும் இல்லை. வளையல் கழலாதவர்கள் வந்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் வந்து குனிந்து நிற்க, கை தலையைத் தடவி ஆசீர்வாதம் பண்ணியது. ரேகை பார்க்கிற ஒருவர் பெரிய கண்ணாடியோடு வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்தக் கைக்குச் சொந்தக்காரர் கடல் கடந்து போவார், ஆனால் மாமனார் வீட்டில் நிலைத்து இருப்பார் என்றார். இரண்டும் ஏற்கெனவே நடந்துவிட்டதால் அவருடைய மதிப்பு உயர்ந்தது. குளிரூரிலிருந்து வந்த கை என்று ஆவுடையம்மாள் தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். தேய்க்கும்போது, மகளிடம் சொல்ல முடியாத சமாசாரத்தையெல்லாம் அதனிடம் சொன்னாள், காது இல்லாத மாப்பிள்ளை எவ்வளவு சௌகரியம் என்று எங்களிடமும் சொன்னாள்.

குற்றாலிங்கம் மட்டும் கையின் பக்கம் திரும்பவில்லை. கடைக்குச் சீக்கிரம் போனார், லேட்டாக வந்தார், போகும்போதும் வரும்போதும் முகத்தைக் காலண்டர் பக்கம் வைத்துக்கொண்டார். காப்பி குடிக்காமலேயே கடையைத் திறந்தார். பெட்டியில் விளக்கு இல்லை, விளக்கு இல்லாததால் பேத்தி இல்லை, பேத்தி இல்லாமல் ஒரு வாரம் போவது அவருக்கு அன்றுவரை நேர்ந்ததில்லை. கடையில் யாராவது பிள்ளைக்குப் பால் கிண்ணம் கேட்டு வந்தால், விலை சொல்லாமல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர், வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில் கையைப் பார்த்தார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கம்பளிச் சட்டையின் மடிப்பில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். பிள்ளைக்கு ஊட்டுகிற கூழ். அதன் மேல், ஒரு சின்ன உள்ளங்கை அழுத்தின தடம். குற்றாலிங்கம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார். சாயங்காலம் ஆவுடையம்மாள் அந்தச் சட்டைக் கையைத் துவைக்கத் தண்ணீரும் சோப்பும் எடுத்து வந்தபோது, "கெடக்கட்டும்ட்டி, தொடாத" என்று கத்தினார்.

ஆனால் ஒரு தெரு எவ்வளவு நாள்தான் சீரியல் பார்க்காமல் இருக்கும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, தெருவே குற்றாலிங்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இசக்கிமுத்து இரண்டு வழி சொன்னார்: உள்ளே தள்ளலாம், அல்லது வெளியே இழுக்கலாம். தள்ளிப் பார்த்தார்கள். கைக்குக் கூச்சம் எடுத்து எல்லாரையும் அடித்தது. அப்படியானால் இழுத்துவிடுவோம், முழு மாப்பிள்ளையும் வந்துவிடுவார், டிக்கெட்டும் மிச்சம் என்று எல்லாருக்கும் உற்சாகம் வந்தது.

"அவியள மட்டும் இழுத்துட்டா நானும் பிள்ளையும் இங்க என்ன பண்ண?" என்று வடிவு போனில் கேட்டாள்.

"ஒவ்வொருத்தராத்தான் இழுக்க முடியும் தாயி" என்றார் இசக்கிமுத்து.

சுவர் ஓட்டையைச் சுற்றி எண்ணெய் தடவி, தேர் இழுக்கிற மாதிரி ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு இழுத்தோம். வாசல் வரைக்கும் வரிசை நின்றது. முழங்கை வந்தது. தோள் வந்தது. சுவர் தோசை மாவு மாதிரி இளகி இடம் கொடுத்தது. பிறகு கொஞ்சம் தலைமுடியும் ஒரு காதும் வந்தன. அவ்வளவுதான். அதற்கு மேல், மூச்சைப் பிடித்து இழுத்தும், நின்று நின்று மூச்சு வாங்கியும், ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

"இங்க அவிய கால் ரெண்டும் மேசைக்கு மேல ஆடுது, உலகு அதப் பிடிச்சுத் தொங்குதா!" என்றாள் வடிவு.

வரிசையில் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம எந்த மாப்பிள்ள வீட்டுக்குள்ள வருவாரு? நீங்களும்தான் இழுக்கிய, இழுங்க."

எல்லாரும் இழுப்பதை நிறுத்தினோம். எல்லாரும் குற்றாலிங்கத்தைப் பார்த்தோம். அவர் வரிசையில் கடைசியில் நின்றார். அவருடைய வலது கன்னம் உப்பியிருந்தது. மத்தியானச் சாப்பாடு ஆகியிருந்தது அல்லவா, பழக்கம் யாரை விட்டது, வெற்றிலையும் புகையிலையும் வாய் நிறைய இருந்தன.

அந்தக் கன்னத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கெல்லாம் தலைதீபாவளி விளங்கிவிட்டது. ஆவுடையம்மாளுக்கு முன்னாலேயே தெரியும் போலிருக்கிறது, அவள் தலையில் அடித்துக்கொண்டு எச்சில் துப்புகிற பணிக்கத்தை எடுக்க ஓடினாள். குற்றாலிங்கம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தார், அங்கே நீட்டிக்கொண்டிருந்த காதைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டு வாயில் இருந்ததை வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சகலத்தோடும் ஒரே விழுங்காக விழுங்கினார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. விக்கல் வந்தது. நாங்கள் வழிவிட, தள்ளாடிக்கொண்டே சுவர் வரைக்கும் நடந்து, காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"வாங்க மாப்பிள்ள" என்றார். ஒரு விக்கல். "அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாயில வெத்தல கெடந்துச்சு. மனசுல ஒண்ணுமே இல்ல. வாங்க." இன்னொரு விக்கல். "வாங்க."

காது சிவந்தது.

"யப்பா," என்றாள் வடிவு. "அவிய அழுதாவ."

"அழ வேண்டாம்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க!" என்று வடிவு கத்தினாள். "எனக்குத் தொண்ட போச்சு! ரெண்டு பேருமா என் உசுர எடுத்தாச்சு! இனிம நான் ஒரு வார்த்த கடத்த மாட்டேன்!"

டமாரென்று போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, வடிவு நடுவில் இல்லாமல், மாப்பிள்ளையின் குரல் நேராக வந்தது. மூக்கு அடைத்த குரல்.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ள."

"நான் வாரேன் மாமா. வடிவோட, பிள்ளையோட, வாசல் வழியா முறையா வாரேன். சுவத்து வழியா வந்தா எங்கம்மா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவா." மூக்கை உறிஞ்சினார். "இப்ப நீங்க வாங்க."

சொன்னதும் அந்தக் கை, ஊறுகாய் ஜாடி திறந்த கை, ஊரையெல்லாம் ஆசீர்வாதம் பண்ணிய கை, குற்றாலிங்கத்தின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தது. பிடித்துக்கொண்டு பின்னால் போக ஆரம்பித்தது. காது உள்ளே போயிற்று, தோள் போயிற்று, முழங்கை போயிற்று, அதன் பின்னாலேயே குற்றாலிங்கத்தின் விரல்கள் போயின, மணிக்கட்டு போயிற்று, வெள்ளைச் சட்டையின் கை போயிற்று. இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால் அப்லோடும் வேகம் பிடிக்கும் போலிருக்கிறது என்று இசக்கிமுத்து ஆச்சரியப்பட்டார். தோள் வரைக்கும் போனதும் நின்றது. குற்றாலிங்கம் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"குளிருதா?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"குளிருது."

"என்ன இருக்கு அங்க?"

"மேச இருக்கு." அவர் முகம் எதையோ தேடுகிற முகமாக இருந்தது. "ஒரு கிண்ணம் இருக்கு. எவர்சில்வர் இல்ல, பிளாஸ்டிக்கு." அந்த நேரத்திலும் அவருக்கு அது பிடிக்கவில்லை. "என்னமோ பிசுபிசுன்னு..."

விக்கலும் நின்றுவிட்டது. நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"விரலப் பிடிச்சிருக்கா" என்றார், சத்தமில்லாமல்.

பிறகு வீடு அதிர ஒரு அலறல் போட்டார். நாற்காலியில் இருந்த பிச்சம்மாள் பயந்து எழுந்துவிட்டாள்.

"கடிச்சிட்டா! ஏட்டி ஆவுடை, கடிச்சிட்டாட்டி! பல்லு மொளச்சிருக்கு! கீழ, ரெண்டு!"

"வெத்தலச் சுண்ணாம்பு தொட்ட கையயா பிள்ள வாயில விட்டிய? கழுவுனியளா? எடுங்க கைய!" என்று ஆவுடையம்மாள் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தாள், தானும் கையை விட்டுப் பார்க்கிற அவசரத்தில் வளையல்களை மேலே தள்ளிக்கொண்டாள், அவளுக்குப் பின்னால் தெருவே வரிசை கட்டியது. குற்றாலிங்கம் நகரவில்லை. கண்ணீர் ஒழுக, சுவரில் கன்னத்தை இன்னும் அழுத்திக்கொண்டு, சுவருக்குள் பார்த்துச் சொன்னார்:

"இன்னொரு மட்டம் கடி தாயி. நல்லாக் கடி."